குறட்டை, இறங்காத பிபி, 18.1 ஹீமோகுளோபின்: அப்பாவுக்கு ஸ்லீப் ஸ்டடி எதற்கு?

கேள்வி: தில்லி ஆர்.கே.புரத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு 55 வயது, மத்திய அரசு வேலை. மூன்று மாத்திரை சாப்பிட்டும் பிபி 150/96-க்குக் கீழே வரவில்லை. ராத்திரி பயங்கரக் குறட்டை. மூன்று தடவையாவது பாத்ரூம் போகிறார். போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 18.1. டாக்டர் ஸ்லீப் ஸ்டடி எழுதிக் கொடுத்திருக்கிறார். “குறட்டை விடுகிறவன் நிம்மதியாகத் தூங்குகிறான், அதற்கு ஒரு டெஸ்ட்டா?” என்கிறார் அப்பா. அம்மாவுக்கோ கால் குடைச்சலில் தூக்கமே இல்லை. கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வீட்டில் சும்மா இருக்கிறது. அதை அப்பாவுக்கு ராத்திரியில் போடலாமா?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை இன்று இரவே செய்துபார்க்கத் தோன்றும்: கான்சன்ட்ரேட்டரைப் போடாதீர்கள். 2021 ஏப்ரல், மே மாதங்களில் தில்லி பட்ட பாட்டுக்குப் பிறகு பல வீடுகளில் அந்தப் பெட்டி துணி போர்த்தி மூலையில் நிற்கிறது. மூச்சு என்று பேச்சு வந்தாலே கண் அந்தப் பக்கம் போவது இயல்புதான். ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால், அப்பாவுக்கு அடைபடுவது காற்று போகும் வழி. வழி அடைத்திருக்கையில் மூக்கில் ஆக்சிஜனைப் பாய்ச்சினால் ஆக்ஸிமீட்டரில் எண் அழகாகத் தெரியும், அடைப்பு அப்படியே இருக்கும். சிலருக்கு ஒவ்வொரு அடைப்பும் இன்னும் நீண்டு, ரத்தத்தில் கரியமில வாயு ஏறும். உடல் பருமனானவர்களுக்கும், புகையால் நுரையீரல் கெட்டவர்களுக்கும் இது ஆபத்து. காலையில் தலைவலியும் மந்தமுமாக எழுந்திருப்பதில் தொடங்கி, எழுப்ப முடியாத மயக்கம் வரை போகலாம்.

இனி குறட்டைக்கு வருவோம். குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாயைக் குருத்தெலும்பு வளையங்கள் தாங்கிப் பிடிக்கின்றன. அதற்கு மேலே, உள்நாக்குக்கும் நாக்கின் அடிப்பகுதிக்கும் பின்னால் இருக்கும் சில அங்குலப் பாதைக்கு அப்படி வளையம் எதுவும் கிடையாது. தசைகள்தான் அதைத் திறந்து வைத்திருக்கின்றன. தூங்கும்போது அந்தத் தசைகள் தளர்கின்றன. கழுத்தில் கொழுப்பு சேர்ந்தவருக்கும், கீழ்த்தாடை சிறுத்துப் பின்வாங்கியிருப்பவருக்கும் பாதை ஏற்கெனவே குறுகல். மல்லாந்து படுத்தால் நாக்கும் பின்னால் சரிகிறது. குறுகிய வழியில் காற்று உரசி அதிரும் சத்தம்தான் குறட்டை. வழி முழுக்க ஒட்டிக்கொண்டால் சத்தமே இருக்காது. பயப்பட வேண்டியது அந்த மௌனத்துக்குத்தான். தூக்கத்தில் இப்படி மூச்சு அடைபடுவதைத்தான் தூக்கத் தடை (ஸ்லீப் ஆப்னியா) என்கிறார்கள். இரவில் அதைப் பதிவு செய்து பார்க்கும் பரிசோதனைதான் ஸ்லீப் ஸ்டடி.

ஒரு நாள் விடிகாலை 4 மணிவாக்கில் அப்பாவின் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். கனவுத் தூக்கம் பின்னிரவில்தான் அதிகம். தசைகள் முழுக்கத் துவள்வதும் அப்போதுதான். குறட்டை படிப்படியாக ஏறும், பிறகு சட்டென்று நிற்கும். வாய் திறந்திருக்கும், காற்று வராது. ஆனால் உடம்பு சும்மா இருக்காது: வயிறு மேலே எழும்ப நெஞ்சு உள்ளே போகும், சீசா பலகைபோல இரண்டும் எதிரெதிராக ஆடும். மனதுக்குள் எண்ணுங்கள். 10, 20, சில சமயம் 40 வரைகூடப் போகும். பிறகு ஒரு திணறல், பெருமூச்சு, கால் உதறல், மறுபடி குறட்டை. விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டியிருந்தால் இன்னொன்றும் கவனிக்கலாம்: எண் சரிவது மூச்சு திரும்பிய பிறகுதான். நுரையீரலில் இருந்த ரத்தம் விரல் நுனிக்கு வந்து சேர அவ்வளவு நேரம் பிடிக்கிறது. இதையெல்லாம் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்டருக்கு உதவும், அதைவிட முக்கியமாக, அப்பா தன் கண்ணால் பார்ப்பார். அவருக்கு இதில் எதுவும் நினைவிருக்காது, அதனால்தான் நிம்மதியாகத் தூங்குவதாக நம்புகிறார்.

மூச்சு 10 நொடியாவது நின்றால் அதை ஒரு தடை என்று எண்ணுகிறார்கள். முழுக்க நிற்காமல் காற்றோட்டம் 30 சதவீதமாவது குறைந்து, கூடவே ஆக்சிஜன் சரிந்தாலோ மூளை விழித்துக்கொண்டாலோ அது அரைத்தடை. இரண்டையும் கூட்டி, ஒரு மணி நேரத் தூக்கத்தில் எத்தனை என்று பார்ப்பதுதான் ஏ.எச்.ஐ. (ஆப்னியா-ஹைப்போப்னியா இண்டெக்ஸ்). பெரியவர்களுக்கு 5-க்குக் கீழே இயல்பு. 5 முதல் 15 வரை லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30-க்கு மேல் தீவிரம். 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கழுத்தைப் பிடித்து விடுவது மாதிரி, இரவு முழுக்க.

பிபிக்கும் இதற்கும் என்ன தொடர்பு? நல்ல தூக்கத்தில் ரத்த அழுத்தம் பகலில் இருப்பதைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். இதயத்துக்கும் ரத்தக் குழாய்களுக்கும் கிடைக்கும் ஓய்வு அது. மூச்சு அடைபடும் ஒவ்வொரு முறையும் உடம்பு அபாயச் சங்கை ஊதுகிறது: அட்ரினலின் வகைச் சுரப்புகள் பாய்கின்றன, குழாய்கள் இறுகுகின்றன, அழுத்தம் எகிறுகிறது. மாதக்கணக்கில் இது நடந்தால் அந்த இறுக்கம் பகலிலும் தங்கிவிடும். 2000-ல் வெளியான அமெரிக்காவின் விஸ்கான்சின் தூக்க ஆய்வு, தொடக்கத்தில் ஏ.எச்.ஐ. எவ்வளவு அதிகமோ அந்த அளவுக்கு நான்கு ஆண்டுகள் கழித்து உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பும் கூடுவதைக் காட்டியது. சிறுநீர் மாத்திரை உட்பட மூன்று மருந்துகளைச் சரியான அளவில் சாப்பிட்டும் இறங்காத பிபிக்கு மருத்துவர்கள் தேடும் காரணங்களில் இது முன்வரிசையில் நிற்கிறது. உங்கள் டாக்டர் நான்காவது மாத்திரை எழுதாமல் ஸ்லீப் ஸ்டடி எழுதியிருக்கிறார். சரியான ஆளிடம்தான் போயிருக்கிறீர்கள்.

இருந்தாலும் அந்த 150/96 உண்மையான எண்தானா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அப்பாவின் மேற்கையை நடுவில் ஒரு டேப்பால் அளந்து பாருங்கள். 32 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால், கருவியோடு வந்த சாதாரணப் பட்டை பிபியைக் கூட்டிக் காட்டும். பெரிய பட்டை தனியாக வாங்க வேண்டும். பாத்ரூம் போய்விட்டு வந்து, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வைத்து அளக்க வேண்டும். காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு முறை, இரவில் இரண்டு முறை, ஒரு வாரம். மூட்டுவலிக்கு டைக்லோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றைச் சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள்; இந்த வலி மாத்திரைகள் பிபியை ஏற்றும், பிபி மருந்தின் வேலையையும் கெடுக்கும். உப்பும் அப்படித்தான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், என்கிறது உலக சுகாதார நிறுவனம். தயிர்சாதத்துக்கு ஆவக்காயும் சுட்ட அப்பளமும் மோர்மிளகாயும் ஒன்றாகச் சேர்ந்தால் அந்தக் கணக்கு எங்கோ போய்விடும். தில்லியில் டிசம்பர், ஜனவரிக் குளிரிலும் பிபி கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

ராத்திரி பாத்ரூம் போவதை எல்லோரும் சர்க்கரை, புராஸ்டேட் என்றே நினைக்கிறார்கள். இரண்டையும் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அடைத்த தொண்டைக்கு எதிராக மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் சடாரென்று குறைகிறது, ரத்தம் இதயத்தின் மேலறைக்குள் கூடுதலாகப் பாய்ந்து அதை விரிக்கிறது. உடம்பில் நீர் அதிகமாகிவிட்டது என்று இதயம் தப்பாக நினைத்து, சிறுநீரைக் கூட்டும் ஹார்மோனை வெளியிடுகிறது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் சொட்டுச் சொட்டாக இல்லாமல் நிறையவே போகும். தொண்டை அடைப்பு சரியானதும் பலருக்கு முதலில் நிற்பதே இந்த ராத்திரி நடைதான்.

18.1 ஹீமோகுளோபினைத் தனியாகப் பார்க்க வேண்டும். “ரத்தம் நல்லா இருக்கு” என்று மகிழ்ந்துவிடாதீர்கள். ஆணுக்கு 16.5-க்கு மேல் தொடர்ந்து இருந்தாலே காரணம் தேட வேண்டும். ஆக்சிஜன் குறைவதைச் சிறுநீரகம் உணர்ந்தால் எரித்ரோபாய்டின் சுரந்து, இன்னும் சிவப்பணு செய் என்று எலும்பு மஜ்ஜைக்குச் சொல்லும். ஆனால் ராத்திரியில் மட்டும் விட்டுவிட்டு ஆக்சிஜன் இறங்கும் தூக்கத் தடை, தனியாக நின்று ஹீமோகுளோபினை 18 வரை ஏற்றுவது அபூர்வம். அதனால் வேறு என்ன சேர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். புகைப்பவரா? புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் உடம்பு சிவப்பணுக்களைக் கூட்டும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருக்கிறதா? அதற்கு ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை இருக்கிறது. உடல் பருமனால் பகலிலேயே மூச்சு போதாமல் போகிறதா? ரத்தத்தில் பைகார்பனேட் 27 அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்தச் சந்தேகம் வரும், தமனி ரத்தத்தில் வாயு அளவு பார்ப்பார்கள். தண்ணீர் குடிக்காமலோ, சிறுநீர் மாத்திரையாலோ ரத்தம் கெட்டிப்பட்டும் எண் ஏறியிருக்கலாம். ஆகவே நன்றாகத் தண்ணீர் குடித்து ஒரு முறை திரும்ப எடுங்கள். அப்போதும் உயர்ந்தே இருந்தால் எரித்ரோபாய்டின் அளவும் ஜாக்2 மரபணுப் பரிசோதனையும் தேவைப்படலாம். எலும்பு மஜ்ஜை தன்னிச்சையாகச் சிவப்பணுக்களைப் பெருக்கும் பாலிசைத்தீமியா வேரா நோயில் 100-ல் 95 பேருக்கு ஜாக்2 மாற்றம் இருக்கும், எரித்ரோபாய்டினோ குறைந்திருக்கும். காரணம் தெரியுமுன் தானாக ஆஸ்பிரின் போடுவதும், ரத்ததானம் செய்து எண்ணை இறக்குவதும் வேண்டாம்.

இப்போது பரிசோதனை. இரண்டு வகை உண்டு. ஆய்வகத்தில் ஒரு இரவு தங்குவது ஒன்று. தலையில், கண்ணோரத்தில், தாடையில், நெஞ்சில், காலில் ஒயர்கள், மூக்கில் மெல்லிய குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டைகள், விரலில் ஆக்ஸிமீட்டர். வீட்டுக்கே கருவியைக் கொடுத்து அனுப்புவது இன்னொன்று. அதில் காற்றோட்டம், நெஞ்சசைவு, ஆக்சிஜன், நாடி மட்டும் பதிவாகும். அறிகுறிகள் இவ்வளவு தெளிவாக இருந்து, வேறு இதய, நுரையீரல் நோய் இல்லையென்றால் வீட்டுப் பரிசோதனையே போதும். ஆனால் அது மூளை அலையைப் பார்ப்பதில்லை. விழித்துக் கிடந்த நேரத்தையும் சேர்த்து வகுப்பதால் எண்ணைக் குறைத்துக் காட்டக்கூடும். வீட்டுப் பரிசோதனை ‘ஒன்றுமில்லை’ என்று வந்து, நீங்கள் எடுத்த வீடியோ வேறு கதை சொன்னால் ஆய்வகத்துக்குப் போயே ஆக வேண்டும். அப்பாவின் ஹீமோகுளோபினை நினைத்தால் நேராக ஆய்வகம்தான் நல்லது என்பது என் கருத்து. எய்ம்ஸிலும் சஃப்தர்ஜங்கிலும் நுரையீரல் மருத்துவத்தோடு தூக்க மருத்துவமும் சேர்ந்த துறைகள் இருக்கின்றன, ஆர்.கே.புரத்திலிருந்து இரண்டும் பக்கம்தான். அப்பாவிடம் மத்திய அரசு ஊழியர்களின் மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ். அட்டை இருக்கும் என்பதால் ஒன்று கவனியுங்கள்: மாஸ்க் வழியாகக் காற்றை ஊதும் சிபாப் கருவி தேவைப்பட்டால் அரசு மருத்துவமனை நிபுணரின் சீட்டும் பரிசோதனை அறிக்கையும் வைத்து முன் அனுமதி வாங்கிய பிறகே வாங்க வேண்டும். எந்த வகை அறிக்கையை ஏற்பார்கள் என்பதைப் பரிசோதனைக்கு முன்பே உங்கள் வெல்னஸ் சென்டரில் கேட்டுவிட்டால், இரண்டாம் முறை செய்ய வேண்டியிருக்காது.

பரிசோதனை அன்றைக்குத் தலைக்கு ஷாம்பு போட்டுக் குளித்து, எண்ணெய் வைக்காமல் போக வேண்டும். தேங்காயெண்ணெய்த் தலையில் ஒயர் நிற்காது, பாதி ராத்திரியில் கழன்று அந்தப் பதிவே வீணாகும். மதியத்துக்கு மேல் காபி, டீ இல்லை; பகல் தூக்கம் இல்லை; வழக்கமான மாத்திரைகளை நிறுத்தக் கூடாது. அவருடைய தலையணையையும் லுங்கியையும் எடுத்துப் போகட்டும். “இத்தனை ஒயரோடு எப்படித் தூக்கம் வரும்?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். நாலைந்து மணி நேரம் தூங்கினாலே போதிய பதிவு கிடைத்துவிடும். முன்னிரவிலேயே தடைகள் மிக அதிகம் என்று தெரிந்தால், மீதி இரவில் மாஸ்க் போட்டு எவ்வளவு அழுத்தம் தேவை என்று அன்றே பார்த்துவிடுவார்கள்.

அறிக்கை வந்ததும் ஏ.எச்.ஐ.யோடு நிற்காதீர்கள். ஆக்சிஜன் எது வரை இறங்கியது, 90-க்குக் கீழே மொத்தம் எத்தனை நிமிடம் இருந்தது, மல்லாந்து படுத்தபோது எத்தனை, ஒருக்களித்தபோது எத்தனை என்று பாருங்கள். இரண்டு பேருக்கு ஏ.எச்.ஐ. 25 என்றே இருக்கலாம்; ஒருவருக்கு ஆக்சிஜன் 88-க்குக் கீழே போகாது, இன்னொருவருக்கு 65-க்குப் போகும். இரண்டும் ஒரே நோய் இல்லை. அடைப்பு இல்லாமலே, மூளை மூச்சுக்குக் கட்டளையிடாமல் நின்றுபோகும் தடைகள் நிறைய இருந்தால் இதயத்தைப் பார்க்க வேண்டும். இதயம் பலவீனமானவர்களிடம் அந்த வகை வரும், அதற்கு வைத்தியமும் வேறு.

தடை நடுத்தரமோ தீவிரமோ என்றால் முதல் வைத்தியம் சிபாப். சிட்னியில் காலின் சல்லிவனும் கூட்டாளிகளும் 1981-ல் இதைப் பற்றி எழுதினார்கள். அன்றைக்குத் தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரை வைத்துச் செய்த ஊதுகருவி அது. இன்றைக்கு டிபன் பாக்ஸ் அளவில் சத்தமில்லாமல் இருக்கிறது. தத்துவம் மாறவில்லை: அறையில் இருக்கும் அதே காற்றைச் சற்று அழுத்தத்தோடு மூக்கு வழியாக அனுப்பினால் தொண்டையின் சுவர்கள் ஒட்டாமல் விலகி நிற்கும். அழுத்தம் 4 முதல் 20 ‘சென்டிமீட்டர் நீர்’ என்ற அளவுக்குள் இருக்கும். இது ஆக்சிஜன் கருவியும் அல்ல, வென்டிலேட்டரும் அல்ல. பழகிவிட்டால் விட முடியாதே என்ற பயம் வேண்டாம். கழற்றினால் பழைய அடைப்பு திரும்புமே தவிர, புதிதாக எதுவும் கெடாது. கண்ணாடியைக் கழற்றினால் மங்கல் திரும்புகிற மாதிரி.

இது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை நேராகச் சொல்ல வேண்டும். பகல் தூக்கம், காலைத் தலைவலி, எரிச்சல் ஆகியவற்றில் பலன் தெளிவானது. பிபி சராசரியாக இரண்டு மூன்று புள்ளிதான் இறங்கும். மருந்துக்கு அடங்காத பிபி உள்ளவர்களுக்குக் கொஞ்சம் அதிகம். மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று எண்ண வேண்டாம். ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ இருந்த 2,717 பேரை வைத்து, இந்தியாவிலும் சேர்த்துப் பல நாடுகளில் நடந்த ‘சேவ்’ ஆய்வு 2016-ல் வெளிவந்தது. சிபாப் கொடுத்தும் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை என்றது. ஆனால் அதில் அவர்கள் கருவியைப் போட்டுக்கொண்டது சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம்தான். பாதித் தூக்கத்தில் கழற்றி வைத்தால், கனவுத் தூக்கம் அதிகமுள்ள பின்னிரவில், தடை மோசமாகும் நேரத்தில், பாதுகாப்பு இருக்காது. எல்லாம் எத்தனை மணி நேரம் போடுகிறார் என்பதில் அடங்கியிருக்கிறது. வாரத்தில் ஐந்து நாளாவது 4 மணி நேரம் என்பது குறைந்தபட்சக் கணக்கு. இலக்கு தூங்கும் நேரம் முழுவதும்.

முதல் இரண்டு வாரத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள். அதனால் முதல் நாளே ராத்திரி மாட்டிவிடாதீர்கள். சாயங்காலம் டிவி பார்க்கும்போது வெறும் மாஸ்க்கை அரை மணி நேரம் போட்டிருக்கட்டும். இரண்டு நாள் கழித்து குழாயை மாட்டி, குறைந்த அழுத்தத்தில் கருவியை ஓடவிடுங்கள். பிறகு இரவு. மாஸ்க்கை உட்கார்ந்தபடி இறுக்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. படுத்தால் முகத்தின் தசை நகர்கிறது. படுத்து, கருவியை ஓடவிட்டு, மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு அங்குலம் முன்னே இழுத்து, காற்றில் அது உப்பியதும் மெல்ல உட்கார வைத்து, அப்புறம் பட்டையைச் சரிசெய்ய வேண்டும். பட்டைக்கடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். லீக் ஆகிறதே என்று இன்னும் இறுக்கினால் மாஸ்க்கின் மெத்தென்ற விளிம்பு மடிந்து லீக் கூடும், மூக்குத் தண்டில் புண்ணும் வரும். கண் எரிந்தால் மேல்பக்கம் லீக். வாய் வறண்டால் வாய் வழியாகக் காற்று போகிறது. ஈரப்பதத்தைக் கூட்டலாம், இல்லையென்றால் வாயையும் மூடும் மாஸ்க்குக்கு மாறலாம். அடர்ந்த மீசை இருந்தால் மூக்குத் துளையில் மட்டும் பொருந்தும் சிறிய வகை நன்றாக அமையும். வயிறு உப்பினால் அழுத்தத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும். அதை டாக்டரோ டெக்னீஷியனோ செய்யட்டும். முகத்தைக் கழுவிவிட்டுப் போடச் சொல்லுங்கள். நெற்றித் தைலத்திலும் எண்ணெய்ப் பசையிலும் மாஸ்க் வழுக்கும். முடிந்தால் முதல் மாதம் வாடகைக்கு எடுங்கள். பழைய கருவி வாங்குவதாக இருந்தால், உள்ளே இருக்கும் ஒலி குறைக்கும் நுரை சிதைவதால் பிலிப்ஸ் 2021 ஜூனில் திரும்பப் பெற்ற மாடல்களில் ஒன்றா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தில்லிக் குளிர்காலத்துக்கென்று சில விஷயங்கள் இருக்கின்றன. அறை சில்லென்று இருக்கையில், ஈரப்பதமூட்டியிலிருந்து வெதுவெதுப்பாக வரும் காற்று குழாயில் குளிர்ந்து நீராகி, நடு ராத்திரியில் மூக்கில் தெறிக்கும். கருவி ரிப்பேர் என்று அதை மூட்டை கட்டிவிடுகிறார்கள். குழாயை ரஜாய்ப் போர்வைக்குள் விட்டுக்கொண்டு, கருவியைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே வைத்து, ஈரப்பத அளவை ஒரு படி இறக்கினால் பெரும்பாலும் சரியாகும். சூடாகும் குழாயும் கிடைக்கிறது. ஈரப்பதமூட்டிக்குக் காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரை ஊற்றினால் வெள்ளையாகப் படியும். நவம்பர் புகைமூட்டத்தில் பில்டரை மாதம் முழுக்க விடாதீர்கள், இரண்டு வாரத்தில் கருத்துவிடும். மூக்கடைப்பு இருந்தால் மாஸ்க் தோற்கும்: படுக்குமுன் உப்புநீர்க் கரைசலால் மூக்கைக் கழுவலாம், கரைக்கும் நீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். அடைப்பை உடனே திறக்கும் சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் போட்டால் அதுவே அடைப்பை உண்டாக்கும். கரண்ட் போகும் ராத்திரிகளுக்கு இன்வெர்ட்டர் போதும். ஈரப்பதமூட்டியை அணைத்துவிட்டால் அதிக நேரம் தாங்கும்.

குளிருக்கு மூடிய அறையில் கரி அங்கீட்டி (கணப்படுப்பு) மூட்டுவதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். ஆக்ஸிமீட்டர் அதைக் காட்டிக் கொடுக்காது. அதன் ஒளிக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் மோனாக்சைடு ஏறிய ரத்தமும் ஒன்றுபோலத் தெரியும், 98 என்றே காட்டும். காலை எழும்போது வீட்டில் எல்லோருக்கும் தலை வலித்தால் முதலில் ஜன்னலைத் திறந்து வெளியே வாருங்கள்.

மாஸ்க் தவிர மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உடல் எடை 10 சதவீதம் குறைந்தால் ஏ.எச்.ஐ. கால்பங்கு அளவுக்குக் குறையும் என்பது விஸ்கான்சின் ஆய்வின் கணக்கு. உடல் பருமனோடு கூடிய தூக்கத் தடைக்கு டிர்ஸெபடைட் ஊசியை அமெரிக்க மருந்துத் துறை 2024 டிசம்பரில் அனுமதித்தது. எடை குறைக்கும் மருந்து அது, டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும். மல்லாந்து படுக்கும்போது மட்டும் தடை வருபவர்களுக்கு ஒருக்களித்துப் படுப்பதே பெரிய வைத்தியம். பனியன் முதுகில் பை தைத்து ஒரு பந்தைப் போடுவது பழைய உத்தி, வேலை செய்யும். கீழ்த்தாடையை முன்னே தள்ளும் பல்கருவி லேசான, நடுத்தர நிலைக்கு உதவும். ராத்திரி மதுவும் தூக்க மாத்திரையும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். தூக்கம் கெடுகிறதே என்று அல்பிரசோலம் வாங்கிப் போடுவது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவது. எதற்காவது ஆபரேஷன் என்றால், மயக்க மருந்து டாக்டரிடம் இந்தத் தடையைப் பற்றிச் சொல்லாமல் இருக்கவே கூடாது. வண்டி ஓட்டும்போது கண் சொருகுகிறது என்றால் வைத்தியம் பிடிபடும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள். நெஞ்சுவலி, திடீரென்று வாய் கோணுதல், கை கால் விழுதல் ஆகியவற்றுக்கு எந்த ஸ்லீப் ஸ்டடிக்காகவும் காத்திருக்க வேண்டாம், உடனே எமர்ஜென்சிதான். கால் வீங்கி, படுத்தால் மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

அம்மாவின் கால் குடைச்சலை வயசுக்கோளாறு என்று ஒதுக்கிவிடாதீர்கள். சாயங்காலத்துக்கு மேல், உட்கார்ந்தாலோ படுத்தாலோ கால் நமநமவென்று குடைந்து, ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றி, எழுந்து நடந்தால் அடங்குகிறது என்றால் அதற்கு ஓய்வில்லாக் கால் நோய் என்று பெயர். உடம்பில் இரும்புச் சேமிப்பு குறைவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். இதில் ஹீமோகுளோபின் ஏமாற்றும். அது 12-ஐத் தாண்டி இயல்பாக இருந்தாலும் சேமிப்பு வற்றியிருக்கலாம். பார்க்க வேண்டியது ஃபெரிட்டின். இந்த நோய் இருப்பவருக்கு அது 75 அல்லது அதற்குக் கீழே இருந்தால் இரும்பு மாத்திரை கொடுப்பார்கள். தினமும் போடுவதைவிட ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால் உடம்பு அதை நன்றாக உறிஞ்சுகிறது, வயிற்றுத் தொல்லையும் குறைவு. மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் ஒட்டினாற்போல டீயோ காபியோ கூடாது, இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இருமல், சளி, அரிப்புக்குப் போடும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள் சிலவும், மனச்சோர்வு மாத்திரைகள் சிலவும் குடைச்சலைக் கூட்டும். என்னென்ன சாப்பிடுகிறார் என்று டாக்டரிடம் காட்டுங்கள். அப்பாவுக்கு ஹீமோகுளோபின் திரும்ப எடுக்கப் போகும் அன்றே அம்மாவுக்கும் ஃபெரிட்டின் எழுதி வாங்கிவிடுங்கள். ஒரே நடையில் இரண்டு பேருக்கும் முடிந்துவிடும்.